6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையின் கூறுகளை எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: கதைமாந்தர், கதைக்களம், கதைப்பின்னல், நோக்குநிலை என்று வரையறைகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு கதை எழுதச் சொன்னால் மட்டும் நாலு வரிக்கு மேல் நகர்வதில்லை. எங்கிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் சொல்லித் தருவது?

பதில்:

வரையறையிலிருந்து தொடங்குவதால்தான் இப்படி ஆகிறது. கதைக்கு ஆறு கூறு என்று பலகையில் எண் போட்டு எழுதினால், அவை ஆறு தனித்தனிச் சாமான்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எழுதும்போதும் அந்த வரிசையிலேயே போகிறார்கள். முதல் பத்தியில் ஊர் வர்ணனை, இரண்டாம் பத்தியில் ஆள் வர்ணனை, அடுத்து "ஒரு நாள்" என்று ஏதோ ஒன்று நடக்கும், கடைசி வரியில் நீதி. எல்லாக் கூறும் இருக்கும், கதை இருக்காது.

உண்மையில் எல்லாக் கூறுகளும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது சுலபமாகக் கிடைக்கவில்லை. வேண்டும் என்பவர் கதைமாந்தர். கிடைக்கவிடாமல் தடுப்பது சிக்கல். அதைப் பெற அவர் செய்வதும் அதன் விளைவும் கதைப்பின்னல். இது எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது என்பது கதைக்களம். யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது நோக்குநிலை. முதல் வகுப்பில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டால் போதும். பெயர்களை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

அதற்குப் புதுக் கதை எதுவும் தேட வேண்டாம். பாட்டி வடை சுட்ட கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லிவிட்டு, "இது யாருடைய கதை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "காக்கா கதை" என்றுதான் பதில் வரும். உடனே அடுத்த கேள்வி: காக்காவுக்கு என்ன வேண்டும்? வடை. எப்போது கிடைத்தது? கதை தொடங்கிய மூன்றாவது வரியிலேயே கிடைத்துவிட்டது. அப்படியானால் காக்காவின் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டுமே, ஏன் முடியவில்லை?

இந்த இடத்தில் வகுப்பு யோசிக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு கதையை இழுத்துப் போவது நரி. நரிக்கு வடை வேண்டும். தடை என்ன? வடை காக்காவின் அலகில் இருக்கிறது, காக்கா மரத்தின் மேல் இருக்கிறது, நரியால் மரம் ஏற முடியாது. அதனால் பாடச் சொல்கிறது. காக்கா ஏன் பாடியது? காக்காவுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது, பாராட்டு. வடையை வைத்திருக்க வேண்டும், புகழவும் பட வேண்டும், இரண்டும் ஒரே அலகால் முடியாது. இவ்வளவு சின்னக் கதைக்குள் இரண்டு பேரின் தேவைகள் மோதுகின்றன, அதில் ஒருவருக்குள்ளேயே இரண்டு ஆசைகள் மோதுகின்றன. இத்தனை காலம் இந்தக் கதை நிற்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்றே சொல்வேன்.

காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடிய வேறு வடிவமும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மரம் அதே மரம், நரி அதே நரி, கேட்ட கேள்வியும் அதே. காக்காவின் குணம் மட்டும் மாறியது, முடிவு தலைகீழானது. கதைமாந்தருக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் சொல்லாது. பிறகு பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். அவர் ஒரு வடையை இழந்தார், கதை அவரை அங்கேயே விட்டுவிட்டது. பாட்டியைக் கதையின் நடுவில் வைத்தால் அவருக்கு என்ன வேண்டும், எது தடை, என்ன செய்வார் என்று ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். அன்றைய வீட்டுப்பாடம் அது.

கதைமாந்தர்

பிள்ளைகள் எழுதும் கதைமாந்தரில் அதிகம் காணும் கோளாறு அடைமொழி. "ராமு நல்லவன், புத்திசாலி, அனைவருக்கும் உதவுபவன்." இதைப் படிப்பவர் மனத்தில் எந்த ராமுவும் வந்து நிற்பதில்லை. முதல் வரைவில் நல்லவன், கெட்டவன், அழகான, கோபக்கார போன்ற சொற்களுக்குத் தடை போடுங்கள். அதற்குப் பதில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும்: இவனுக்கு இன்றைக்கு என்ன வேண்டும்? எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறான்? யாரும் பார்க்காதபோது என்ன செய்வான்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். முதல் இரண்டுக்குப் பொதுவான விடை எழுதித் தப்பித்துவிடலாம், மூன்றாவதுக்குக் குறிப்பிட்ட ஒரு ஆளை யோசித்தே ஆக வேண்டும்.

"இன்றைக்கு" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். "டாக்டர் ஆக வேண்டும்" என்பது 250 சொல் கதைக்குள் அடங்காது. "சாயங்காலத்துக்குள் ஒரு காம்பஸ் வேண்டும்" என்பது அடங்கும்.

250 சொல்லுக்கு மூன்று கதைமாந்தர் போதும். நாலாவது ஆள் வந்தால் யார் பேசுகிறார் என்பதே குழம்பும். பெயர்கள் வேறு வேறு எழுத்தில் தொடங்கட்டும். கவின், கவிதா, கார்த்திக் மூவரும் ஒரே கதையில் இருந்தால் படிப்பவர் இரண்டு முறை பின்னால் போய்ப் பார்க்க வேண்டிவரும். கதையில் ஒரே ஒரு முறை தலைகாட்டுபவருக்குப் பெயரே வேண்டாம், "கடைக்கார அண்ணன்", "எதிர்வீட்டு அத்தை" என்றால் போதும்.

சிக்கல்

பாடநூல்கள் சிக்கலை வகைபிரித்துச் சொல்லும்: மனிதருக்கும் மனிதருக்கும், மனிதருக்கும் இயற்கைக்கும், மனிதருக்கும் சமூகத்துக்கும், ஒருவருக்குத் தம் மனத்தோடு. வகைகளை ஒரு தடவை சொல்லிவிட்டுக் கடந்து போகலாம். பிள்ளைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது அளவு பற்றிய பயிற்சி. எழுதச் சொன்னால் கடத்தல், திருட்டு, பேய், வெடிகுண்டு என்று போய்விடுவார்கள், ஏனென்றால் கதை என்றால் பெரிதாக ஏதாவது நடக்க வேண்டும் என்ற எண்ணம். கடத்தல்காரன் எப்படிப் பேசுவான், எங்கே தங்குவான் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் இரண்டாவது பத்தியிலேயே கதை வற்றிவிடும். தொலைந்தது, உடைந்தது, கேட்காமல் எடுத்தது, சொல்ல மறந்தது, இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பயம் இருக்கிறது.

சிக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: கதைநாயகன் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் நிலைமை மோசமாகுமா? ஆகும் என்றால் சிக்கல் இருக்கிறது. ஆகாது என்றால் அது வெறும் நிகழ்ச்சி. மோசமாக வைப்பதற்குச் சுலபமான வழி நேரக்கெடு. "காம்பஸ் தொலைந்தது" ஒரு தகவல். "காம்பஸ் தொலைந்தது, அது அக்காவுடையது, நாளைக் காலை அவளுக்குக் கணக்குப் பரீட்சை" என்றால் கதை ஓட ஆரம்பித்துவிடும்.

கதைப்பின்னல்

இதற்கு நம்மிடமே அருமையான விளக்கம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், நாடகத்தின் போக்கை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நெல் பயிரை வைத்து விளக்குகிறார். உழுத புழுதியில் இட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து உள்ளே கரு முற்றி நிற்பது கருப்பம். கதிர் விட்டு, தாழ்ந்து, முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். 

தொடக்கம், வளர்ச்சி, உச்சம், இறக்கம், முடிவு என்று மலை போல ஒரு படம் வரைந்து காட்டுவதும் வழக்கத்தில் உண்டு, அதுவும் தவறில்லை. ஆனால் பயிர்க் கணக்கில் ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிகிறது. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்துக்குள்ளிருந்துதான் வர முடியும். நாற்று இல்லாமல் கதிர் இல்லை. பிள்ளைகளின் கதைகளில் காணாமல் போவது இந்தத் தொடர்ச்சிதான்.

அதைக் கண்டுபிடிக்க, எழுதி முடித்த நோட்டில் "பிறகு", "அப்புறம்", "ஒரு நாள்", "திடீரென்று" என்று வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் "அதனால்" அல்லது "ஆனால்" போட்டுப் படிக்கட்டும். வாக்கியம் பொருந்தினால் தொடர்ச்சி இருக்கிறது. "அவன் பள்ளிக்குப் போனான். பிறகு ஒரு நாய் வந்தது" என்பதில் "அதனால் ஒரு நாய் வந்தது" என்று போட முடியாது, அங்கே கதை அறுந்திருக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். திருத்துவதும் அவர்களே செய்வார்கள்: "டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தான். அதனால் நாய் வந்தது."

எழுதுவதற்கு முன்பு ஐந்து வாக்கியத்தில் எலும்புக்கூடு போடப் பழக்குங்கள். காம்பஸ் கதையையே எடுத்துக்கொள்வோம்.

முகம்: கவின் அக்காவின் காம்பஸைக் கேட்காமல் பள்ளிக்கு எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டான், நாளைக் காலை அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

பிரதிமுகம்: அவளுக்குத் தெரியாமல் வேறொன்று வாங்கி வைத்துவிடப் பார்க்கிறான், ஆனால் உண்டியலில் இருப்பது 12 ரூபாய்.

கருப்பம்: அதனால் நண்பனிடம் இரவல் கேட்கப் போகிறான், ஆனால் போன மாதம் வாங்கிய ஸ்கேலையே கவின் திருப்பித் தராததால் நண்பன் மறுத்துவிடுகிறான். மழையில் நனைந்து வீடு திரும்புவதற்குள் அக்கா காம்பஸ் பாக்ஸைத் திறந்துவிட்டாள். அம்மாதான் மேசையைத் துடைக்கும்போது எங்கேயோ போட்டுவிட்டார் என்று அம்மாவோடு சண்டை போடுகிறாள்.

விளைவு: இனியும் பேசாமலிருந்தால் பழி அம்மா மேல் நிற்கும், அதனால் கவின் உண்மையைச் சொல்கிறான்.

துய்த்தல்: விடிந்ததும் தானே எதிர்வீட்டுக்குப் போய்க் காம்பஸ் கேட்டு வாங்கி வருகிறான். அக்கா வாங்கிக்கொள்கிறாள், அவனோடு பேசவில்லை.

நண்பன் மறுப்பதற்குக் காரணம் கவினேதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். நண்பன் வீடு பூட்டியிருந்தது என்று எழுதினாலும் தடைதான், ஆனால் அந்தத் தடை வெளியிலிருந்து வருகிறது. கேட்காமல் எடுப்பவன், எடுத்ததைத் திருப்பித் தராதவன் என்ற குணத்திலிருந்தே தடை முளைக்கும்போது கதை இறுகுகிறது. உச்சமும் அப்படித்தான். அக்கா கண்டுபிடித்துத் திட்டினாள் என்றால் கவினுக்கு அங்கே வேலை இல்லை. அம்மா மேல் பழி விழும்போது அவன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். உச்சம் என்பது சத்தம் அதிகமாக இருக்கும் இடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கதைநாயகன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டிய இடம் என்று சொல்லிக்கொடுங்கள்.

250 சொல்லில் எழுதுவதானால் முகத்துக்கு 40, பிரதிமுகத்துக்கு 50, கருப்பத்துக்கு 90, விளைவுக்கு 50, துய்த்தலுக்கு 20 என்று பிரித்துக்கொள்ளலாம். கணக்கு அச்சாக வர வேண்டியதில்லை. ஆனால் தொடக்கத்துக்கே 150 சொல் போய்விட்டால் முடிவு இரண்டு வரியில் ஓடிப்போகும். பிள்ளைகளின் கதைகள் அவசரமாக முடிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், கற்பனைக் குறைவு அல்ல.

முடிவில் வரும் கோளாறுகள் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் ஒன்றே: கண் விழித்துப் பார்த்தால் எல்லாம் கனவு, போலீஸ் வந்தது, சாமி வந்தது, பணக்கார மாமா வந்தார். மூன்று பத்தியாக வளர்த்த சிக்கலை வெளியிலிருந்து யாரோ வந்து அவிழ்த்துவிட்டால் கதைநாயகன் அதுவரை செய்ததெல்லாம் வீண். இதற்கு ஒரு விதி போதும்: தற்செயல் ஒரு சிக்கலைத் தொடங்கி வைக்கலாம், முடித்து வைக்கக் கூடாது.

கதைக்களம்

காதலைப் பாடும் பழந்தமிழ்ப் பாடல்களுக்கு உரிய அகப்பொருள் இலக்கணத்தில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்கு நள்ளிரவான யாமம், நெய்தலுக்குப் பொழுது சாயும் நேரமான எற்பாடு, பாலைக்கு நண்பகல். ஒவ்வொரு நிலத்துக்கும் பொழுதுக்கும் ஒரு உணர்ச்சி உரிப்பொருளாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்தவர் வரும்வரை காத்திருப்பது; நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அதாவது பிரிவை நினைத்து வருந்துவது. மாலை நேரமும் மழைக்காலமும் காத்திருப்பவளின் மனத்தை எப்படி அழுத்தும் என்று தெரிந்துதான் இப்படிச் சேர்த்திருக்கிறார்கள். இந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் மேல்வகுப்பில் படிப்பார்கள். இப்போது அதன் உள்ளே இருக்கும் யோசனையை மட்டும் கொடுத்தால் போதும்: இடமும் நேரமும் கதையின் உணர்ச்சிக்கு உதவ வேண்டும்.

"பச்சைப் பசேல் என்ற வயல்கள், சலசலவென ஓடும் ஆறு, அழகிய கிராமம்." இது கட்டுரை நோட்டிலிருந்து வருகிறது, கண்ணால் பார்த்ததிலிருந்து வருவதில்லை. நகரத்தில் அடுக்குமாடியில் வளரும் பிள்ளையும் இதையேதான் எழுதும். அவர்கள் தெருவையே எழுதச் சொல்லுங்கள். கேட்கும் ஒலி ஒன்று, மூக்கில் படும் வாசனை ஒன்று, கையால் தொடக்கூடிய பொருள் ஒன்று, மொத்தம் மூன்று விவரம் போதும். அவற்றில் ஒன்றாவது கதையில் வேலை செய்ய வேண்டும். கவின் கதையில் மழை அந்த வேலையைச் செய்கிறது: அவன் திரும்பி வரத் தாமதமாகிறது, அதற்குள் பாக்ஸ் திறக்கப்படுகிறது. மழையை எடுத்துவிட்டால் அவன் முன்பே வந்துவிடுவான். கதையை வேறு ஊருக்கோ வேறு பருவத்துக்கோ மாற்றிப் பார்த்தும் ஒன்றுமே மாறவில்லை என்றால் களம் இன்னும் கதைக்குள் வரவில்லை.

நோக்குநிலை

தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் குறிப்பிடும் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-இல் 'விவேகபோதினி'யில் வந்தது. கதையைச் சொல்வது அந்த மரம்தான். நோக்குநிலை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. மரத்தால் நகர முடியாது. குளத்தங்கரையில் நடப்பதையும் அங்கே வருபவர்கள் பேசுவதையும்தான் அதனால் அறிய முடியும். சொல்பவர் யார் என்று முடிவு செய்த உடனேயே எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதும் முடிவாகிவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இரண்டு வழி போதும்: "நான்" என்று சொல்வது, அல்லது "அவன், அவள்" என்று ஒரே ஒருவரின் பின்னாலேயே போவது. எல்லாம் அறிந்தவராக எல்லோர் மனத்துக்குள்ளும் போய்வருவதைச் சில ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும் என்பது நமக்கு வசதி. "நான் கதவைத் திறந்தேன்" என்று தொடங்கிய பிள்ளை, பத்து வரி தாண்டி "ராமு உள்ளே போனான்" என்று தன்னையே அவனாக்கிவிடும். வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு வரிசையாகப் படிக்கச் சொன்னால் இது அகப்பட்டுவிடும். அதே பார்வையில் இன்னும் இரண்டு பிழைகளும் அகப்படும். ஒன்று, காலம் மாறுவது: "வந்தான், பார்க்கிறான், ஓடினான்." மற்றது, மரியாதை மாறுவது: முதல் பத்தியில் "அம்மா சொன்னாள்", மூன்றாவதில் "அம்மா சொன்னார்." வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படி எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கதை முழுக்க ஒன்றுதான்.

இதைவிட நுட்பமான பிழை, இன்னொருவர் மனத்துக்குள் தாவுவது. "கவின் பயந்தான். இவன் எதையோ மறைக்கிறான் என்று அக்கா மனத்துக்குள் நினைத்தாள்." கவின் பின்னால் போகிற கதையில் அக்கா நினைத்தது கவினுக்கு எப்படித் தெரியும்? அவன் பார்க்கக்கூடியதாக மாற்றினால் சரியாகிவிடும்: "அக்கா புத்தகத்தை மூடாமலே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்." பிழை போனதோடு காட்சியும் கூடிவிட்டது.

உரையாடல்

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறாக இருப்பதால் பிள்ளைகள் உரையாடலில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். "தம்பி, என்னுடைய காம்பஸை நீ எடுத்தாயா?" என்று எந்த வீட்டிலும் எந்த அக்காவும் கேட்பதில்லை. "டேய், என் காம்பஸ எடுத்தியா?" என்றுதான் கேட்பாள். கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழில், மேற்கோள் குறிக்குள் வருவது பேச்சில் என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே மேற்கோளுக்குள் இரண்டும் கலந்தால்தான் காதில் உறுத்தும்: "நான் எடுக்கல, நீதான் எங்கேயாவது வைத்திருப்பாய்." மதுரைப் பிள்ளை மதுரைப் பேச்சில் எழுதட்டும், யாழ்ப்பாணத்துப் பிள்ளை அந்தப் பேச்சில் எழுதட்டும். தேர்வுத்தாளில் பேச்சுவழக்குக்கு மதிப்பெண் குறைப்பீர்கள் என்றால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளை வகுப்பில் கற்றதற்காகத் தேர்வில் அடிபடக் கூடாது.

"கூறினான், உரைத்தான், மொழிந்தான், பகர்ந்தான்" என்று சொல்லை மாற்றி மாற்றிப் போடுவதை நிறுத்துங்கள். "என்றான்", "என்றாள்" போதும். யார் பேசுகிறார் என்று தெரிந்தால் அதுவும் வேண்டாம். ஆள் மாறும்போது புது வரி. "எப்படி இருக்கிறாய்?" "நலம்" என்று நலம் விசாரிக்கும் வரிகளை வெட்டிவிடலாம். பேசுபவருக்கு எதிராளியிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருக்கும் இடத்திலிருந்து உரையாடல் தொடங்கட்டும்.

கோளாறும் திருத்தமும் ஒரே பத்தியில் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். முதல் வரைவு:

"கவின் ஒரு நல்ல பையன். அவன் அக்கா பெயர் நிலா. அவள் மிகவும் கோபக்காரி. ஒரு நாள் கவின் அவளுடைய காம்பஸைத் தொலைத்துவிட்டான். அவன் மிகவும் பயந்தான்."

திருத்தியது:

பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டான் கவின். ஸ்கேல் இருந்தது, பாதி தின்ற கடலை மிட்டாய் இருந்தது, காம்பஸ் இல்லை. கூடத்தில் அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ராத்திரி வட்டமெல்லாம் ஒரு தடவ போட்டுப் பாத்துடணும்டி, நாளைக்கு கண்டிப்பா வரும்." கவின் பாக்ஸை மூடி, அவள் மேசையில் எடுத்த இடத்திலேயே வைத்தான். முன்பு மூடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று யோசித்து, இன்னொரு தடவை திருப்பி வைத்தான்.

இதில் பயம் என்ற சொல்லே இல்லை. பாக்ஸைத் திருப்பி வைக்கும் கை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நாளைக்குப் பரீட்சை என்ற நேரக்கெடு அக்காவின் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டது. கவின் காதில் விழுந்ததைத் தவிர அக்காவைப் பற்றி வேறெதுவும் சொல்லப்படவில்லை, ஆகவே நோக்குநிலையும் பிசகவில்லை. கூறுகள் எல்லாம் ஒரே பத்தியில் ஒன்றோடொன்று கலந்து வேலை செய்வதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

மையக்கருத்து

இதைக் கடைசியில் வையுங்கள். தலைப்பு கொடுக்கும்போதே "நேர்மை பற்றி ஒரு கதை எழுதுக" என்றால் கதை பிறக்காது, நேர்மையைப் பற்றிய உபதேசம்தான் பிறக்கும். வடை கதைக்கு நீதி என்ன என்று கேட்டால் முகஸ்துதிக்கு மயங்காதே என்பார்கள். பாட்டியின் பக்கம் நின்று பார்த்தால் அது உழைத்தவரின் பொருளை இருவர் மாறி மாறிப் பறித்த கதை. நிகழ்ச்சிகள் ஒன்றே, யார் கதை என்பது மாறும்போது கருத்தும் மாறுகிறது. எழுதி முடித்த பிறகு பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தொடக்கத்தில் கவின் என்ன நினைத்தான்? முடிவில் அவனுக்கு என்ன தெரிந்தது? இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் மையக்கருத்து. கதையின் கடைசி வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கதை முழுதாகத் தெரிந்தால் அந்த வாக்கியம் வேண்டியதில்லை, பெரும்பாலும் அது நீதி வாக்கியமாகத்தான் இருக்கும்.

பாடவேளைகளாகப் பிரித்தால் 40 நிமிட வகுப்புகள் நான்கு போதும். முதல் வேளை முழுக்க வடை கதையும் "யாருடைய கதை?" என்ற கேள்வியும். இரண்டாவதில் மூன்று கேள்விகளுக்கு விடை, பிறகு ஐந்து வாக்கிய எலும்புக்கூடு. அந்த ஐந்து வாக்கியத்தை நீங்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கதை எழுத வேண்டும். எலும்புக்கூட்டில் "ஆனால்" ஒன்றுகூட இல்லாவிட்டால் திருப்பிக் கொடுங்கள், 250 சொல் எழுதிய பிறகு திருத்துவதைவிட இது எளிது. மூன்றாவது வேளையில் எழுத்து மட்டும், பேச்சு கிடையாது. நான்காவதில் பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொண்டு, பென்சில் வட்டங்களும் வினைமுற்று அடிக்கோடும்.

முதல் வரைவில் ஒற்றுப்பிழை, ற-ர பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். சிவப்பு நிறைந்த பக்கத்தைப் பார்த்த பிள்ளை அடுத்த தடவை தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும், கதை சுருங்கிவிடும். ஒரு வரைவுக்கு ஒரு கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வாரம் தொடர்ச்சி, அடுத்த வாரம் உரையாடல். எழுத்துப்பிழைகள் கடைசிப் படிக்கு.

தலைப்பையும் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். முதலில் வைத்தால் "நேர்மையின் பரிசு" என்று வைத்துவிட்டு, அந்தப் பரிசை எப்படியாவது கொடுத்தாக வேண்டும் என்று முடிவை வளைப்பார்கள். கதைக்குள் வரும் ஒரு பொருளையோ ஒரு பேச்சையோ தலைப்பாக எடுக்கச் சொன்னால் போதும்.